பலகையின் கனம்

மனிதன் படி ஏறக்கூடாது. இது என் கொள்கை.

கொள்கை மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். வேலையில் இருந்த காலம் முழுக்க லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் மேற்பார்வையாளன். பொத்தானை அமுக்கினால் ஆள் மேலே போய்ச் சேர வேண்டும். மூச்சு வாங்கக்கூடாது, முட்டி மடங்கக்கூடாது. அதற்காகவே எண்ணெயிலும் கம்பிவடத்திலும் புரண்டு எழுந்தேன். பிறகு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் லிஃப்ட் இல்லை. மனைவி இருந்தாள்.

மனைவி தையல் வகுப்பு நடத்துகிறாள். வீட்டுக் கூடம்தான் வகுப்பறை. காலையில் கண் விழித்தால் வாசலில் செருப்புக் குவியல். கூடம் முழுக்க மிஷின்கள். ஒரு மிஷினுக்கு ஒரு பெண், ஒரு பெண்ணுக்கு ஒரு வாய். மிஷின் நின்றாலும் வாய் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்தால் குண்டூசி. சோற்றில் நூல். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் முதுகில் யாரோ சுண்ணக்கட்டியால் கோடு கிழித்திருப்பார்கள். கேட்டால், "அக்கா உங்க சட்டையை வச்சுத்தான் தோள்பட்டை சொல்லிக்குடுத்தாங்க தாத்தா" என்பார்கள்.

அவளுக்கு அக்கா. எனக்குத் தாத்தா. அக்காவின் புருஷன் எப்படித் தாத்தா ஆவான் என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். சிரிக்கிறார்கள்.

ஆகவே மாடிக்கு ஓடினேன்.

மாடியில் ஒரே அறை. படிக்கட்டு நேராக அந்த அறைக்குள்தான் போய் முடியும். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெளிச்சம். ஒரு கட்டில், ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு பிஸ்கட் டின். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். அதைவிட ஓய்வு வேறென்ன வேண்டும்?

யாரும் மேலே வரமாட்டார்கள். காரணம், படிக்கட்டு.

பழைய சிமெண்ட் படி. விளிம்பெல்லாம் உடைந்து பல் போன வாய் மாதிரி இருக்கும். ஒன்று முன்னால் சாயும், ஒன்று பின்னால் சாயும். தையல் பெண்களின் பாவாடை ஓரம் மாட்டிக் கிழிந்துவிடும். மனைவிக்கோ முட்டிவலி. அவள் ஏதாவது கேட்க வேண்டுமானால் கீழ்ப்படியில் நின்றுகொண்டு கத்துவாள். நான் ரேடியோவைக் கூட்டிவைப்பேன்.

கொள்கையை விட்டு நான் மட்டும் அந்தப் படியில் ஏறினேன். உடைந்த ஒவ்வொரு மூலையும் என் காலுக்குத் தெரியும். அந்தப் படி எனக்குக் கோட்டைச் சுவராக இருந்தது. இன்று சொல்கிறேன், அன்று தெரியவில்லை.

ஒரு நாள் பிளாஸ்கில் காபியை எடுத்துக்கொண்டு ஏறினேன். நடுவில் ஒரு விளிம்பு பெயர்ந்து வந்தது. நான் நின்றுவிட்டேன். பிளாஸ்க் நிற்கவில்லை. கடகடவென்று உருண்டு கூடத்தில் வகுப்பு நடுவே போய் விழுந்தது.

மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

மனைவி வந்து கீழ்ப்படியில் நின்றாள்.

"விழுந்தது பிளாஸ்க்கா, நீங்களா?"

"பிளாஸ்க்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவை டம்ளர்ல எடுத்துட்டுப் போறேன்."

"விளையாடாதீங்க. கட்டிலைக் கீழ இறக்கிடுங்க. இந்த வயசுல அந்தப் படி வேணாம்."

"கீழ எங்க போடறது? இஸ்திரி மேசை மேலயா?"

"காஜா மிஷின் பக்கத்துல இடம் பண்ணித் தரேன். உங்களுக்குப் பேச்சுத்துணையும் ஆச்சு."

பேச்சுத்துணை!

"படிதானே பிரச்சினை? படியைச் சரி பண்ணிட்டா?"

"யாரு பண்றது?"

"நான்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, ஒரு பேச்சு" என்றாள். "படியைச் சரி பண்ணுங்க. யாரும் தடுக்காம ஏறி இறங்கணும். அப்படிப் பண்ணிட்டா மாடி ரூம் உங்களுக்கு. நான் வாயே திறக்கமாட்டேன். ஒரு ஆள் தடுக்கினாலும் கட்டில் கீழ."

"சம்மதம்."

இவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் சம்மதம் சொன்னது எங்கள் கல்யாணத்துக்குத்தான். அதுவும் யோசிக்காமல் சொன்னதுதான்.

சிமெண்ட் பூசுவதும், அது உடைவதும், மறுபடி பூசுவதுமாக இருக்க எனக்குப் பொறுமை இல்லை. மரம்தான் என்று முடிவு செய்தேன். பழைய சிமெண்ட் படியின் மேலேயே மரத்தைப் போர்த்துவது. கால் வைக்கிற இடத்துக்குக் கனமான மிதிபலகை. அதன் கீழே நெட்டுக்குத்தாக நிற்கிற இடத்துக்கு மெல்லிய முகப்புப் பலகை. பார்த்தால் முழுக்க மரத்தில் செய்த படிக்கட்டு மாதிரியே இருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் வந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். எந்தக் காரியத்தையும் தள்ளிப்போடுவார். தெருவில் அவருக்கு வாய்தா என்று பெயர்.

"எதுக்கு சார் அவசரம்? மழை முடியட்டும்."

"மழையே இல்லையே."

"வரும்ல? வந்து முடியட்டும்."

அவரைப் பலகை பிடிக்க வைத்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது அவருக்கு நன்றாக வரும்.

மரம் வாங்க வேண்டும். எனக்கு போனில் பேசப் பிடிக்காது. எதிர்முனையில் இருப்பவன் பேசிக்கொண்டே இருப்பான்.

"மரக்கடைக்காரர் பொண்ணு நம்மகிட்டதான் தைக்கக் கத்துக்கறா" என்றாள் மனைவி. "நான் சொல்லிடறேன். அளவை மட்டும் குடுங்க."

கொடுத்தேன். என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

போனை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"பலகைக்கு ஒரு கனம் இருக்குல்ல? அந்தக் கனம் எங்க போய்ச் சேரும்?"

"எங்க போகும்? படி மேலதான் இருக்கும்."

"அதில்லீங்க. துணிக்கு உள்துணி குடுத்தா அந்தக் கனம் நடுவுல தெரியாது. கழுத்துலயும் ஓரத்துலயும் போய்த் துருத்திட்டு நிக்கும். அது மாதிரி..."

"துணி வேற, மரம் வேற. நீ உன் வேலையைப் பாரு."

"சரிங்க."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் வெகுநேரம் பேசினாள். நான் கவனிக்கவில்லை. இழைப்புளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கியது. முதல் நாளே மூச்சு முட்டிவிட்டது. ஒரு படியைப் போல இன்னொரு படி இல்லை. ஒன்றில் சுவர் உள்ளே வாங்கியிருக்கும், அடுத்ததில் வெளியே பிதுங்கியிருக்கும். நேராக அறுத்த பலகையை வைத்தால் ஒரு பக்கம் சுவரைக் கடித்தது. மறுபக்கம் விரல் நுழையும் சந்து. மரம் வீணானது. நான் ரம்பத்தைத் திட்டினேன். வாய்தா பலகையைப் பிடித்தபடி, "நாளைக்குப் பார்க்கலாமே" என்றார்.

மனைவி ஒரு கட்டு காகிதத்தோடு வந்தாள். தையலுக்கு வடிவம் வெட்டுகிற பழுப்புக் காகிதம்.

"தள்ளுங்க."

முட்டிவலிக்காரி, படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒவ்வொன்றாக மேலே நகர்ந்தாள். ஒவ்வொரு படியிலும் காகிதத்தை விரித்து, விரலால் ஓரத்தை அழுத்தி, கத்தரியால் வெட்டினாள். கீழேயிருந்து மேல்வரைக்கும் படிக்கட்டுக்குக் காகிதச் சட்டை தைத்து முடித்துவிட்டாள். அதை மரத்தில் வைத்துக் கோடு போட்டு அறுத்தேன். பலகை உறைக்குள் தலையணை போகிற மாதிரி உட்கார்ந்தது.

"எப்படி?" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன்.

என் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது பெரிய விருது என்று அவளுக்குத் தெரியும். அன்று எனக்கு இஞ்சி டீ வந்தது.

உண்மையைச் சொன்னால் அது நல்ல காலம். முகப்புப் பலகையைப் பசை தடவி ஒட்டுவேன். சிமெண்டில் துளை போட்டு, அதன் மேல் மிதிபலகையை வைத்துத் திருகுவேன். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். குமிழி நடுவில் நிற்கும். அவள் வகுப்பு முடிந்ததும் வந்து கீழே உட்கார்ந்து உப்புத்தாளால் விளிம்புகளைத் தேய்ப்பாள். "இங்க சொரசொரன்னு இருக்கு, பொண்ணுங்க துணி மாட்டும்" என்பாள். நான் முன்விளிம்பை உருட்டிக் கொடுப்பேன். பெண்கள் எதற்கு இந்தப் படியில் ஏறப்போகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மரத்தூள் மூளைக்குள்ளும் போய்விட்டது போல.

வார்னிஷ் காய்ந்தது. படிக்கட்டு தேன் பூசினதுபோல மின்னியது. ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு அச்சு வார்த்தது மாதிரி. இத்தனை லிஃப்ட் மாட்டியவன் கடைசியில் படிக்கட்டு செய்து பெருமைப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பெருமைப்பட்டேன்.

திறப்பு விழா வைத்தேன். என் மனைவி, வாய்தா, தையல் பெண்கள் எல்லாரும் நடையில் நின்றார்கள். கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடம் அது.

"இப்ப பாருங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். காலை எடுத்தேன்.

கட்டைவிரல் முதல் பலகையில் போய் நேராக இடித்தது.

நான் விழவில்லை. வாய்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் விழுந்தார்.

"செருப்பு பெரிசு" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றி எறிந்தேன். மறுபடி ஏறினேன். நடுவில் அருமையாகப் போனது. வீணை வாசிக்கிற விரல் மாதிரி கால் தானாகப் போயிற்று. கடைசிப் படியிலிருந்து மாடித் தரைக்குக் காலைத் தூக்கி வைத்தேன். தரை நான் நினைத்த இடத்தில் இல்லை. அதற்குக் கீழே இருந்தது. தொம்மென்று யாரையோ மிதிக்கிற மாதிரி என் கால் இறங்கியது. பல்லோடு பல் மோதியது.

கீழே பெண்கள் கை தட்டினார்கள்.

இறங்கினேன். மேலே முதல் அடியில் கால் நினைத்ததற்கு முன்பே பலகையில் இடித்தது. கீழே கடைசி அடியில் தரை வரவே இல்லை. தேடிக்கொண்டே இறங்கினேன். வந்தபோது முதுகெலும்பு முழுக்க மணி அடித்தது.

"தாத்தா டான்ஸ் ஆடறாரு" என்றாள் ஒருத்தி.

மனைவி யாரையும் அதட்டவில்லை. என்னைக் கைபிடித்துக் கீழ்ப்படியில் உட்கார வைத்தாள். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை.

"வலிக்குதா?"

"இல்லை."

"எங்க இடிச்சுது? அடியிலயும் உச்சியிலயும்தானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவுகோலை எடுத்தேன். அளக்க வேண்டிய அவசியமே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. எல்லாப் படிக்கும் பலகை போட்டதால் எல்லாப் படியும் ஒரே அளவு உயர்ந்திருக்கிறது. நடுவில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கீழே நடைத் தரை உயரவில்லை. அதனால் முதல் படி கூடுதல் உயரம். மேலே மாடித் தரையும் உயரவில்லை. அதனால் கடைசி அடி குட்டை. பலகையின் கனம் அடியிலும் உச்சியிலும் போய்த் துருத்திக்கொண்டு நின்றது. கழுத்திலும் ஓரத்திலும்.

இதில் கொடுமை வேறு. லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடித் தரையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரல்கடை ஏறி நின்றாலும் நான் கத்திய கத்தலில் மெக்கானிக்குகள் அழுதிருக்கிறார்கள். "கால் கண்ணால பார்க்காதுடா, நினைவுல நடக்கும்" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

"ஒரு ஆள் தடுக்கினா கட்டில் கீழன்னு பேச்சு" என்றார் வாய்தா, தரையில் இருந்தபடியே. "அதுக்கு நானே சாட்சி."

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள் மனைவி. "மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்காரு. சரி பண்ணட்டும். இன்னும் ஒரு வாய்ப்பு தரலாம்."

என் கண் கலங்கிவிட்டது. வார்னிஷ் நெடி என்று சொல்லிவிட்டேன்.

"எப்படிச் சரி பண்றது?" என்றாள்.

"நடைத் தரையைப் பலகை போட்டு உசத்திடலாம். கூடத்து நிலைப்படி எப்படியும் உசரம். அதுக்குச் சமமா வந்துடும், தடுக்காது. பிரச்சினை மேலதான்."

"மேலயும் பலகை போட்டுடுங்க."

"படி முடியற இடத்துல ஒரு துண்டு போட்டாப் போதும்."

"போடுங்க. அப்புறம் அந்தத் துண்டு முடியற இடத்துல தடுக்காதா?"

யோசித்தேன். "தடுக்கும்."

"அப்ப அதுக்கு அடுத்தாப்பல ஒரு துண்டு."

"அதோட முடிவுலயும் தடுக்கும்."

"அப்படியே போனா எதுல போய் நிக்கும்?"

"சுவத்துல."

"அப்ப சுவர் வரைக்கும் போட்டுடுங்க. எதுக்குத் துண்டு துண்டா?"

என் வாயிலிருந்தே பதிலை எடுத்து என் வாயிலேயே போட்டாள். எனக்கு அது நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. மாடி அறை முழுக்க மரத்தரை! என் நாற்காலிக்குக் கீழே மரத்தரை! ஜன்னலோரம் வெறுங்காலோடு உட்காரலாம். அரசனுக்கும் கிடைக்காது.

"இதே நிறத்துல மரம் கிடைக்கணுமே" என்றேன்.

"சொல்லிப் பார்க்கறேன்" என்றாள்.

மறுநாளே வண்டி வந்தது. அதே மரம், அதே நிறம், அதே ரேகை. அறைக்கு வேண்டிய அளவுக்கு ஒரு துண்டு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எனக்கு அதிர்ஷ்டம் என்று வாய்தாவிடம் பீற்றிக்கொண்டேன்.

தரை போட வேண்டுமானால் அறை காலியாக வேண்டும். கட்டில் இறங்கியது. நாற்காலி இறங்கியது. ரேடியோ, பிஸ்கட் டின், எல்லாம் இறங்கின. படிக்கட்டுக்கு அடியில் வெட்டுத்துணி மூட்டை போடுகிற ஒரு பொந்து உண்டு. மனைவி மூட்டையை எடுத்துவிட்டு அங்கே என் சாமானை வைத்தாள். கட்டில் சரியாக உள்ளே போனது. அளந்து செய்த மாதிரி.

"கொஞ்ச நாளைக்குத்தானேங்க" என்றாள்.

முதலில் நடைத் தரையைப் பலகை போட்டு உயர்த்தினேன். பிறகு மாடியில் பசை தடவிப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து ஒட்டினேன். முட்டி தேய்ந்தது. இடுப்பு கழன்றது. ஆனால் கடைசிப் பலகை சுவரோடு ஒட்டியபோது, படிக்கட்டும் தரையும் தண்ணீர் மட்டம் மாதிரி சேர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். தடுக்கவில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. பசை பிடிக்கும்வரை பலகைகள் நடுவில் எழும்பாமல் இருக்க வேண்டும். அதற்கு மேலே கனம் வைக்க வேண்டும்.

"வீட்ல கனமா என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்க."

"விளையாடாதே. பலகை முழுக்கப் பரவலா வைக்கணும். ஒரே மாதிரி கனமா, நிறைய எண்ணிக்கையில."

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றாள். விரலை மோவாயில் வைத்துக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பார்த்ததும் துள்ளினேன்.

"மிஷின்!"

"என்ன மிஷின்?"

"உன் தையல் மிஷின்தான்! இரும்புக் கால். நல்ல கனம். வரிசையா வச்சா அமுக்கிப் பிடிச்சுக்கும்."

"ஐயோ, வேணாங்க! என் வகுப்பு என்ன ஆகறது?"

"கொஞ்ச நாளைக்குத்தானே!"

"முடியவே முடியாது. மிஷினை மாடி ஏத்தி இறக்கினா அளவெல்லாம் கெட்டுப்போயிடும். வேற எதாவது பாருங்க."

"வேற எதுவும் இல்லை. பசை காஞ்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. தரை அப்பளம் மாதிரி பொங்கிடும்."

"பொங்கட்டும். என் மிஷின்ல கை வைக்காதீங்க."

கெஞ்சினேன். வாய்தாவை விட்டுப் பேசச் சொன்னேன். அவர் அடுத்த வாரம் பேசலாம் என்றார். மறுபடி நானே கெஞ்சினேன். அவளிடம் இவ்வளவு பணிந்து நான் எதையும் கேட்டதில்லை. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்காகத்தான்" என்றாள்.

பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக மிஷினைத் தூக்கினார்கள். அகலமான படி, உருண்ட விளிம்பு. யார் பாவாடையும் மாட்டவில்லை. யாருக்கும் தடுக்கவில்லை. மேலே போகிற சாமானைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. தொழில் பழக்கம். நடையில் நின்று, "மெதுவா, சாய்ச்சுப் பிடி, திருப்பு, ம்... போகட்டும்!" என்று ஒவ்வொரு மிஷினையும் நானே அனுப்பிவைத்தேன். என் அறைக்கு.

மிஷின் இருக்கிற இடத்தில்தானே வகுப்பு? பெண்கள் மேலே போனார்கள். என் மனைவியும் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெத்தைமேல் நடக்கிற மாதிரி ஏறினாள்.

"மரப்படி முட்டிக்கு இதமா இருக்குங்க" என்றாள் மேலேயிருந்து. "நல்லா பண்ணியிருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் அவள் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நான் பொந்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மிஷின் போன கூடத்தை வெட்டுத்துணி மூட்டைகளும் இஸ்திரி மேசையும் அடைத்துக்கொண்டிருந்தன.

பசை காய்ந்தது. நான் மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"பசை காஞ்சிருக்கும்."

"மேலாப்ல காஞ்சிருக்கு. உள்ள ஈரம் இருக்கும்ங்க."

அப்புறம் ஒரு நாள்.

"இப்ப காஞ்சிருக்கும்."

"காஞ்சுது. ஆனா ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கு. அது முடியட்டும்."

கல்யாணம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தைச் சட்டை ஆர்டர் வந்துவிடும் போல இருந்தது. நான் மேலே போனேன். படி உச்சியிலேயே ஒருத்தி கையை நீட்டி மறித்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க தாத்தா. புதுத் தரை."

கழற்றினேன். உள்ளே பார்த்தேன். என் ஜன்னலோரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வெளிச்சம். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த இருட்டுக் கூடத்தில் விளக்கடியில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவள் நூல் கோப்பதை எத்தனையோ தடவை தாண்டித்தான் நான் மாடி ஏறியிருக்கிறேன். சண்டை போட வந்தவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இறங்கிவிட்டேன்.

இறங்கும்போது ஒரு நப்பாசை. யாராவது ஒருத்தி, ஒரே ஒருத்தி, இந்தப் படியில் தடுக்கினால் போதும். படி சரியில்லை என்று சொல்லி எல்லாரையும் கீழே இறக்கிவிடலாம். பொந்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மிதிபலகைகளில் காலடிகள் போகும், வரும். டக், டக், டக். ஒன்றுகூடப் பிசகாது. அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருக்கிறேன்.

மிச்சம் இருந்த பசை டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மரக்கடைக்குப் போனேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். கடைக்காரர் நாற்காலி போட்டார்.

"தரை எப்படி அமைஞ்சுது சார்?"

"அமைஞ்சுது."

"மரம் பத்துச்சா?"

"அளவெடுத்த மாதிரி இருந்துது. அதே நிறத்துல உடனே கிடைச்சது என் அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமா? அம்மா படிக்கு மரம் சொன்னாங்கல்ல, அன்னிக்கே தரைக்கும் சொல்லிட்டாங்களே. 'ஒரே மரத்துல அறுத்து எடுத்து வச்சிடுங்க, படியை மட்டும் முதல்ல அனுப்புங்க, தரைக்கு அப்புறம் அவரே கேப்பாரு'ன்னாங்க." சிரித்தார். "சொன்ன மாதிரியே கேட்டீங்க!"

வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். வகுப்பு முடிகிற நேரம். பெண்கள் சலசலவென்று இறங்கிப் போனார்கள். பின்னாலேயே மனைவி தண்ணீர் எடுக்க வந்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியவளை நடையில் மறித்தேன்.

"படிக்கு மரம் சொன்ன அன்னிக்கே தரைக்கும் சொன்னியா?"

"ஆமாங்க."

"இடிக்கும்னு அப்பவே தெரியுமா?"

"கேட்டேனே! பலகையோட கனம் எங்க போய்ச் சேரும்னு கேட்டேன். துணி வேற, மரம் வேறன்னீங்க. என் வேலையைப் பார்க்கச் சொன்னீங்க. பார்த்தேன்."

"மிஷினைத் தரமாட்டேன்னு அழுதியே?"

"நீங்க கேட்டதும் தூக்கிக் குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"யாரும் தடுக்காம படி பண்ணினா மாடி ரூம் எனக்குன்னு பேச்சு. பண்ணிட்டேன். யாருக்கும் தடுக்கலை. அப்ப என் ரூம்?"

"உங்க ரூம்தாங்க. யாரு இல்லைன்னா? நாங்க சும்மா தச்சுட்டு இருக்கோம்." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆனா, மனுஷன் படி ஏறவே கூடாதுன்னு காலம்பூரா சொன்னவரு நீங்க. உங்க கொள்கையை நான் கெடுக்கலாமா?"

சொல்லிவிட்டு நிறைகுடத்தோடு மேலே போனாள். அடியிலும் தடுக்கவில்லை, உச்சியிலும் தடுக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.